மறைந்த பட்டியை மீட்ட வரலாறு

இணைய உலாவியைத் திறக்கிறீர்கள். கோப்பு, தொகு, பார்வை, வரலாறு, புத்தகக்குறிகள், கருவிகள், உதவி என நேற்றுவரை திரையின் மேற்பகுதியில் வரிசையாக நின்ற ஏழு சொற்களையும் இன்று காணவில்லை. வலது மூலையில் மூன்று சிறு கோடுகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இரவோடிரவாக ஒரு ‘புதுப்பிப்பு’ வந்து இறங்கிவிட்டது. நீங்கள் கேட்டு வந்ததன்று அது. சமையலறையில் உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனால் எப்படியிருக்கும்? ஏறத்தாழ அதே நிலைதான்.

இது சிறு சங்கடம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. நாகரசம்பட்டி போன்ற ஊர்களில் வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல் ஆகியவற்றுக்காக மக்கள் இ-சேவை மையத்தை நாடுகிறார்கள். அங்கே வரிசை நகரும் வேகம், கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அவர் பட்டியைப் படிப்பதில்லை. கை தானாகவே அந்த இடத்துக்குப் போகிறது. கல்லூரி ஆய்வகத்தில் ‘பார்வை என்ற பட்டியைச் சொடுக்குக’ என்று கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியருக்கும் இதே கதைதான். மறுநாள் அந்தச் சொல் திரையில் இல்லையென்றால், அவர் எழுதித் தந்த குறிப்பு முழுவதும் பயனற்றுப் போகிறது.

உலாவியின் பட்டி யாருக்குச் சொந்தம்? அதை ஆக்கியவருக்கா, நாள்தோறும் பயன்படுத்துபவருக்கா? இந்த வழக்கு கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. அதன் ஒரு பகுதியில் தமிழுக்கும் பங்கு உண்டு.

பட்டி பிறந்த இடம்

கணிப்பொறியின் தொடக்க நாட்களில் பட்டி என்று ஒன்று கிடையாது. கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சு செய்ய வேண்டும். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் டக்ளஸ் எங்கல்பார்ட், சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடியிருந்த நிபுணர்கள் முன்னிலையில், ‘சுட்டி’ என நாம் இன்று வழங்கும் மவுஸைக் கையில் பிடித்து இயக்கிக் காட்டினார். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவான ‘ஆல்ட்டோ’ என்ற கணிப்பொறி, சுட்டியால் இயங்கும் திரையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திரையின் மேல்விளிம்பில் சொற்கள் வரிசையாக நிற்க, ஒன்றைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் இறங்கும் அமைப்பு, ஆப்பிள் நிறுவனத்தின் ‘லிசா’ கணிப்பொறியில் 1983-இல் கடைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் பில் அட்கின்சன்.

இன்று பலரும் திட்டித் தீர்க்கும் அந்த மூன்று கோட்டுக் குறி புதுமையானது என்று எண்ணிவிடாதீர்கள். ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ‘ஸ்டார்’ கணிப்பொறிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த குறி அது. பட்டியலைத் தன்னுள் அடக்கியிருப்பதைக் காட்டும் சின்னமாக அதை வைத்தார். முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, கைப்பேசியின் சிறிய திரை வந்தபின் அது மீண்டும் எழுந்தது. கைப்பேசியில் இடமில்லாததால் பட்டியை மடித்து வைத்தார்கள், அது நியாயம். இடம் தாராளமாக உள்ள மேசைக் கணிப்பொறியிலும் அப்படியே மடித்து வைத்தபோதுதான் தகராறு தொடங்கியது.

கையின் கணக்கு

பழகிய இடம் மாறினால் நாம் ஏன் இவ்வளவு தடுமாறுகிறோம்? இதற்கு ஒரு விதி உண்டு. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு சோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை மாறிமாறி ஒரு கோலால் தொடும்படி ஆட்களைக் கேட்டுக்கொண்டு, தகடுகளின் அகலத்தையும் இடைத்தூரத்தையும் மாற்றி மாற்றி நேரத்தை அளந்தார். அவர் கண்ட முடிவு இதுதான்: இலக்கைத் தொட ஆகும் நேரம், தூரத்தின் இருமடங்கை இலக்கின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையைப் பொறுத்துக் கூடுகிறது. மடக்கையின் அடி 2.

எண்களை இட்டுப் பார்ப்போம். சுட்டி இருக்கும் இடத்திலிருந்து பட்டியின் சொல் 16 செ.மீ. தொலைவில் இருக்கிறது, அதன் அகலம் 1 செ.மீ. எனக் கொள்ளுங்கள். 16-இன் இருமடங்கு 32. அதை 1-ஆல் வகுத்தால் 32. 32 என்பது 2-இன் ஐந்தாம் படி. ஆக, கடினத்தின் அளவு 5. சொல்லின் அகலத்தை 2 செ.மீ. ஆக்கினால் ஈவு 16, கடினம் 4. அகலத்தை மாற்றாமல் தூரத்தை 8 செ.மீ. ஆகக் குறைத்தாலும் அதே 4. இலக்கை இருமடங்கு பெரிதாக்குவதும் தூரத்தைப் பாதியாக்குவதும் கைக்கு ஒன்றுதான். 1978-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தினர் இந்த விதி சுட்டிக்கும் பொருந்துவதைச் சோதனையால் நிறுவினர்.

இதில் ஓர் அழகான விலக்கும் உண்டு. திரையின் விளிம்பைச் சுட்டிக்குறி தாண்ட முடியாது. சுவரில் மோதிய பந்து போல அங்கேயே நின்றுவிடும். எனவே விளிம்பை ஒட்டியுள்ள இலக்கு, கையைப் பொறுத்தவரை மிகப் பெரிய இலக்கு. குறிபார்த்து நிறுத்த வேண்டியதில்லை. லிசாவும் அதன்பின் வந்த மக்கின்டாஷும் பட்டியை மேல்விளிம்பில் வைத்ததால் பெற்ற ஆதாயம் இது.

ஆனால் ஃபிட்ஸின் கணக்கு, இலக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே பொருந்தும். தெரியாதவர் முதலில் தேட வேண்டும். பழகியவருக்குத் தேடும் நேரம் ஏறக்குறைய சுழி. இடம் மாறிய மறுநாள், பத்தாண்டு பழகியவரும் பட்டியின் ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழாகப் படிக்கிறார். ஒரு நாள் பழகியவருக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லாமல் போகிறது. இழப்பு யாருக்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள். நெடுநாள் உழைத்துப் பழகியவருக்கே அதிகம்.

தன்னைத் தானே வரையும் உலாவி

1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து ‘மொசைக்’ உலாவியும், அடுத்த ஆண்டில் ‘நெட்ஸ்கேப் நேவிகேட்டர்’ உலாவியும் வெளிவந்தன. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டபோது, நம்மவர் பலரும் முதலில் கண்டது நெட்ஸ்கேப்பைத்தான். அதன் பட்டிகளெல்லாம் மூலநிரலுக்குள் புதைந்து கிடந்தன. தொழிற்சாலையில் வார்த்து அனுப்பிய இரும்பு போல, வாங்கியவர் எதையும் மாற்ற முடியாது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் போட்டியில் தளர்ந்த நெட்ஸ்கேப், 1998 மார்ச்சு 31 அன்று தன் உலாவியின் மூலநிரலை உலகுக்கே வழங்கியது. ‘மொசில்லா’ என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. அதன் பொறியாளர்கள் செய்த ஒரு முடிவுதான் நம் வரலாற்றின் திருப்புமுனை. வலைப்பக்கங்களை வரைவதற்கென்றே ஒரு பொறி கையில் இருக்கிறதே, உலாவியின் பொத்தான்களையும் பட்டிகளையும் அதே பொறியைக் கொண்டு வரைந்தால் என்ன என்று அவர்கள் எண்ணினார்கள். அதற்காக ‘சூல்’ என்ற குறிமொழியை உருவாக்கினார்கள். அதன்படி உலாவியின் சட்டமும் ஒரு வகைப் பக்கமே. பட்டியின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. அதன் நிறம், அளவு, இடம் ஆகியவை தனியே ஒரு பாணிக் கோப்பில் இருக்கும். அதில் காட்டப்படும் சொற்கள் மற்றொரு கோப்பில் இருக்கும்.

உலாவியின் பக்கத்தைச் சுற்றியுள்ள இந்தச் சட்டத்துக்கு ‘குரோம்’ என்பது தொழிற்பெயர். ஓசூரில் தயாராகி வரும் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் பளபளப்பது குரோமியப் பூச்சினால் அல்லவா? வண்டியின் ஓட்டத்துக்கும் அந்தப் பளபளப்புக்கும் தொடர்பில்லை. ஆனால் கண்ணில் முதலில் படுவது அதுதான். அந்தப் பொருளில்தான் இப்பெயர் வந்தது. 2008-இல் கூகுள் நிறுவனம் தன் உலாவிக்கு இதே பெயரை வைத்துக்கொண்டது.

2002 செப்டம்பரில் மொசில்லாவிலிருந்து கிளைத்த ‘பீனிக்ஸ்’ என்ற சிறு உலாவி, தன் முதற்பதிப்பிலேயே கருவிப்பட்டையைப் பயனர் விருப்பப்படி மாற்றி அடுக்கும் வசதியோடு வந்தது. அதுவே பெயர்கள் மாறி, 2004 நவம்பர் 9 அன்று ‘பயர்பாக்ஸ் 1.0’ ஆக வெளிவந்தது. பட்டியின் வரிகளை இடம் மாற்றவும் மறைக்கவும் ‘மெனு எடிட்டர்’ போன்ற நீட்சிகளையும் ஆர்வலர்கள் எழுதினர். இத்தனைக்கும் மேலாக, பயனரின் சொந்தக் கோப்புறையில் ‘யூசர்குரோம்’ என்ற பெயரில் ஓர் எளிய உரைக்கோப்பை இட்டால், உலாவி அதையும் படித்துத் தன் தோற்றத்தை அதன்படி மாற்றிக்கொள்ளும். வீட்டைக் கட்டியவரே வாடகைக்கு வந்தவரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவைத்தது போன்ற ஏற்பாடு.

அந்தக் கதவால் நுழைந்த தமிழ்

சொற்கள் தனிக் கோப்பில் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? தமிழ்ப் பட்டி பிறந்தது அந்தப் பிரிவினையால்தான். நிரலை ஒரு வரிகூடத் தொடாமல், சொற்கோப்பில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதினால் போதும். ‘தமிழா!’ என்ற தன்னார்வக் குழுவினரும் பிற ஆர்வலர்களும் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பயர்பாக்ஸ், ஓப்பன் ஆபீஸ் முதலிய மென்பொருள்களைத் தமிழாக்கும் பணியில் இறங்கினார்கள். யாரிடமும் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனமும் விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தமிழ் இடைமுகத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது உண்மை. ஆனால் அதில் ஒரு சொல் பொருந்தவில்லை என்று கண்டால், பயனர் அதைத் தாமே திருத்திக்கொள்ள வழியில்லை.

ஒரு நுட்பமான சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலப் பட்டியில் ஒரு சொல்லின் ஓர் எழுத்து அடிக்கோடிடப்பட்டிருக்கும். ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டினால் பட்டி திறக்கும். ‘கோப்பு’ என்ற சொல்லில் ஆங்கில ‘எஃப்’ எழுத்துக்கு எங்கே போவது? சொல்லில் இல்லாத எழுத்தைச் சொல்லுக்குப் பின்னால் பிறைக்குறிக்குள் தானே சேர்த்துக் காட்டும்படி சூல் அமைக்கப்பட்டிருந்தது. கையின் பழைய பழக்கமும் காப்பாற்றப்பட்டது, தமிழும் வந்தது.

கைப்பழக்கத்துக்கு இடம் கொடுப்பது தமிழ்க் கணிமைக்குப் புதிதன்று. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ‘தமிழ்99’ என்ற விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அறிவியல் முறைப்படி அமைந்த நல்ல பலகை. ஆயினும் தட்டச்சு நிலையத்தில் படித்துத் தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்களின் விரல்களைப் புதிய பலகைக்கு ஒரே நாளில் மாற்ற முடியுமா? தமிழா! குழுவின் ‘எ-கலப்பை’ மென்பொருள், தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு எனப் பல பலகைகளையும் ஒரே பெட்டியில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி விட்டது. பாமினியில் பழகிய ஈழத் தமிழரும் அஞ்சல் முறையில் பழகிய மலேசியத் தமிழரும் தத்தம் வழியிலேயே யூனிகோடுக்கு வந்து சேர்ந்தனர். புதியதைக் கொண்டுவரும்போது பழையதை எப்படி நடத்துவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தடுத்து வந்த மாற்றங்கள்

பயர்பாக்ஸில் முதல் பெரிய மாற்றம் 2011 மார்ச்சு 22 அன்று வந்த நான்காம் பதிப்பில் நிகழ்ந்தது. விண்டோஸின் புதிய பதிப்புகளில் ஏழு சொல் வரிசை மறைந்து, இடது மூலையில் ஒரே ஓர் ஆரஞ்சுப் பொத்தான் நின்றது. கீழே இருந்த நிலைப்பட்டையும் போயிற்று. கீற்றுகள் எனப்படும் டேப்கள் மேல்விளிம்புக்கு ஏறின. விளிம்பின் ஆதாயத்தை நினைவிற்கொண்டால் இந்த ஏற்றத்தில் நியாயம் இருப்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். ஆல்ட் விசையைத் தட்டினால் பழைய பட்டி தலைகாட்டும்; நிரந்தரமாக வேண்டுமென்றாலும் திரும்ப வைத்துக்கொள்ளலாம். எனவே அப்போது எழுந்த கூச்சல் விரைவில் அடங்கியது. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற வேகத்தை மொசில்லா மேற்கொண்டது. புதுப்பிப்பு என்பது ஆண்டுக்கொருமுறை வரும் திருவிழாவாக இருந்தது போய், சந்தை நாள் போல அடிக்கடி வரலாயிற்று.

2014 ஏப்ரல் 29 அன்று வந்த 29-ஆம் பதிப்பு வேறு ரகம். ‘ஆஸ்ட்ரேலிஸ்’ என்று அதற்குப் பெயர். மூன்று கோட்டுப் பட்டி வலது மூலைக்கு வந்தது அதில்தான். கீற்றுகளைக் கீழே வைத்துக்கொள்ளும் விருப்பம், சிறிய பொத்தான்கள், நீட்சிகளுக்கான கீழ்ப்பட்டை ஆகிய மூன்றும் அடியோடு நீக்கப்பட்டன. உடனே ‘கிளாசிக் தீம் ரெஸ்டோரர்’ என்ற நீட்சி வெளிவந்தது. ஒரு தனி ஆர்வலர் எழுதியது. நீக்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்து திரும்பப் பெறலாம். மூன்றரை ஆண்டுக்காலம் பழைய தோற்றத்தை விரும்பியவர்கள் அதன் நிழலில் வாழ்ந்தார்கள்.

2017 நவம்பர் 14 அன்று 57-ஆம் பதிப்பு, ‘குவாண்டம்’, வந்து அந்த நிழலையும் வெட்டியது. பழைய வகை நீட்சிகள் எவையும் இனி இயங்கா. புதிய வகை நீட்சி, பட்டியில் தனக்கென ஒரு வரியைச் சேர்க்கலாம். உலாவியின் சொந்த வரிகளை நகர்த்தவோ நீக்கவோ அதற்கு அனுமதி இல்லை.

இங்கே மொசில்லாவின் பக்கத்தையும் கேட்பது முறை. பழைய நீட்சி உலாவியின் எந்த உறுப்பிலும் கை வைக்கலாம். அதனால் உள்ளே ஒரு திருகாணியை மாற்றினாலும் எங்கோ நூறு நீட்சிகள் பழுதாயின. தீய நோக்குள்ளவர் எழுதிய நீட்சியும் அதே உரிமையோடு உள்ளே புகுந்தது. ஒரே செயல்முறையாக ஓடிய உலாவியைப் பல செயல்முறைகளாகப் பிரித்து வேகப்படுத்தவும் பழைய நீட்சிகள் தடையாயின. குவாண்டம் முந்தியதைவிட விரைவாக ஓடியது என்பதைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். விலை மட்டும் வேறு பையிலிருந்து எடுக்கப்பட்டது.

எஞ்சிய சாவி

எல்லாக் கதவுகளும் அடைபட்ட பிறகு, அந்தப் பழைய உரைக்கோப்பு மட்டும் எஞ்சியது. கிளாசிக் தீம் ரெஸ்டோரரை எழுதியவரே தம் நீட்சியின் பணிகளைப் பாணி வரிகளாக மாற்றி எழுதி, யூசர்குரோம் கோப்பில் ஒட்டிக்கொள்ளும்படி வெளியிட்டார். நிரல் எழுதத் தெரியாத பல்லாயிரவர் முதன்முறையாக ஒரு பாணிக் கோப்பைத் திறந்து பார்த்தது அப்போதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

நீங்களும் செய்து பார்க்கலாம். உதவிப் பட்டியில் சிக்கல் தீர்க்கும் தகவல் என்ற பக்கத்தைத் திறந்தால், உங்கள் சொந்தக் கோப்புறைக்குச் செல்லும் பொத்தான் இருக்கும். அதற்குள் ‘குரோம்’ என்ற பெயரில் ஒரு கோப்புறையையும், அதனுள் யூசர்குரோம் என்ற உரைக்கோப்பையும் உருவாக்குங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில், கோப்பின் பெயரையடுத்து ஒரு புள்ளியும் சி.எஸ்.எஸ். என்ற மூன்றெழுத்தும் வர வேண்டும். கோப்பினுள் எழுத வேண்டியது சிறிதுதான். நீக்க விரும்பும் பட்டி வரியின் அடையாளப் பெயர். அதையடுத்து நெளிவு அடைப்புக்குள், ‘காட்டாதே’ எனப் பொருள்படும் கட்டளை. உலாவியை மூடித் திறந்தால் அந்த வரி இருக்காது. வரிசையை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் தரலாம். சிறிய எண் மேலே நிற்கும். பிடிக்காவிட்டால் கோப்பை அழித்துவிடுங்கள். உலாவி பழையபடி ஆகிவிடும். ஓர் எச்சரிக்கை: பாணிக் கோப்பு தோற்றத்தை மட்டுமே மாற்றும். இதே பெயரை ஒத்த நிரல் கோப்புகளை நிறுவச் சொல்லுகிறவர்களும் உண்டு. அவை எதையும் செய்ய வல்லவை. எழுதியவரை அறியாமல் அவற்றைத் தொடாதீர்கள்.

இந்தச் சாவிக்கும் 2019-இல் ஒரு பூட்டு வந்தது. 69-ஆம் பதிப்பு முதல், உலாவி அந்தக் கோப்பைத் தானாகத் தேடாது. முகவரிப் பட்டையில் ‘அபவுட்’ என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, ‘கான்பிக்’ என்று தொடர்ந்தால் வரும் உள்ளமைப்புப் பக்கத்தில், ‘மரபுவழித் தனிப்பயனாக்கம்’ எனப் பொருள்படும் ஒரு நீண்ட பெயரைத் தேடி, அதை ‘உண்மை’ என மாற்ற வேண்டும். இல்லாத கோப்பைக் கோடிக்கணக்கான கணிப்பொறிகள் ஒவ்வொரு முறையும் தேடி நேரத்தை வீணாக்குகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். கணக்கு சரிதான். ஆனால் ‘மரபுவழி’ என்ற அடைமொழி, மருத்துவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்வது போல ஒலிப்பதை மறுக்க முடியாது.

2021 ஜூன் முதல் நாள் 89-ஆம் பதிப்பு வந்தது. ‘புரோட்டான்’ என்று பெயரிட்டிருந்தார்கள். இயற்பியல் சொற்களின் மேல் அவர்களுக்கு அப்படியொரு பற்று. பட்டி வரிகளிலிருந்த படக்குறிகள் நீக்கப்பட்டன. வரிகளுக்கிடையே இடைவெளி கூடிற்று. விரலால் தொடும் திரைக்கு அது வசதி. விரல் சுட்டிக்குறியைவிடத் தடிமனானதல்லவா? 768 புள்ளி உயரமே உள்ள சிறு மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவருக்கோ, படிக்க வேண்டிய பக்கத்தின் உயரம் குறைந்ததுதான் மிச்சம். அடக்கமான தோற்றம் என்ற விருப்பத்தையும் அமைப்புப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு உள்ளமைப்புப் பக்கத்தில் ஒளித்து வைத்தார்கள். பழைய தோற்றத்துக்குத் திரும்பும் விசை ஒன்றும் அங்கே இருந்தது; சில மாதங்களில் அதுவும் நீக்கப்பட்டது. யூசர்குரோம் கோப்புக்கு மீண்டும் வேலை வந்தது.

அந்தக் கோப்பும் ஒருமுறை எழுதிவைத்தால் நிலைப்பதன்று. 2023-இல் மொசில்லா தன் பழைய அடுக்கு முறையைக் கைவிட்டு, வலைப்பக்கங்களுக்குரிய பொது அடுக்கு முறைக்கு மாறியபோது, வரிசை எண்ணைக் குறிக்கும் சொல்லே மாறிப்போயிற்று. பழைய சொல்லை எழுதியிருந்தவர்களின் பட்டிகள் ஒரே நாளில் கலைந்தன. திருத்திய வரிகளை யாரோ ஓர் ஆர்வலர் எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டும். மாற்றத்தின் சுமை நிறுவனத்திடமிருந்து ஊதியமில்லாத தோள்களுக்கு மாறியது என்பதே இதன் பொருள்.

மற்றவர் என்ன செய்தார்கள்?

ஓபரா உலாவி 2013-இல் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டு, கூகுளின் குரோமியம் பொறிக்கு மாறியது. பழைய ஓபராவில் மாற்ற முடியாத பொருளே இல்லை என்பார்கள். புதியதில் ஏறக்குறைய எதையும் மாற்ற முடியவில்லை. ஓபராவை நிறுவியவர்களுள் ஒருவரும், அப்போது அங்கிருந்து விலகியிருந்தவருமான யோன் வோன் டெட்ச்னர், ‘விவால்டி’ என்ற புதிய உலாவியையே தொடங்கிவிட்டார். அதன் முதற்பதிப்பு 2016-இல் வந்தது. 2020-இல் அதன் பட்டி வரிகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் மாற்றவும் அமைப்புப் பக்கத்திலேயே வழி செய்தார்கள். யூசர்குரோம் கோப்பில் தடவித் தடவிச் செய்ய வேண்டியதை அங்கே சுட்டியால் இழுத்துவிட்டே செய்யலாம். குரோமியம் பொறியின் மேலும் இது முடியும் என்பதற்கு இதுவே சான்று.

விண்டோஸ் 8-இல் தொடக்கப் பட்டியை 2012-இல் நீக்கிய மைக்ரோசாப்ட், 2015-இல் விண்டோஸ் 10-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ‘கிளாசிக் ஷெல்’ என்ற இலவச மென்பொருள் பலருக்குக் கைகொடுத்தது. இவ்வளவு போதும், இது உலாவியின் கதையன்று.

நம் பள்ளிக்கூடத்தோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2005-இல் வெளிவந்த தமிழ்நாட்டு மேனிலை இரண்டாம் ஆண்டுக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில் ‘ஸ்டார் ஆபீஸ்’ பாடமாக வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பட்டியைத் திற, அந்த வரியைச் சொடுக்கு என்று படங்களுடன் விளக்கிய பாடம் அது. அந்த மென்பொருள் 2011-இல் முற்றிலும் நின்றுபோயிற்று. பாடமோ அதன் பிறகும் சில ஆண்டுகள் நடந்தது. ஆனால் ஸ்டார் ஆபீஸின் மூலநிரல் 2000-ஆம் ஆண்டிலேயே திறந்துவிடப்பட்டு ஓப்பன் ஆபீஸ் ஆகியிருந்தது. 2010-இல் அதிலிருந்து ‘லிப்ரே ஆபீஸ்’ கிளைத்தது. இன்று லிப்ரே ஆபீஸைத் திறந்து பாருங்கள். பாடநூலில் படித்த பட்டி வரிசை அடையாளம் தெரியும்படி அப்படியே நிற்கிறது. மைக்ரோசாப்ட் 2007-இல் புகுத்திய ‘ரிப்பன்’ போன்ற புதிய தோற்றமும் அதில் உண்டு. விரும்பியவர் அதற்கு மாறலாம், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆய்வகம் நடத்துவோருக்கும் வழி இருக்கிறது. பள்ளிகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் முறையீட்டை ஏற்று மொசில்லா 2012 ஜனவரியில் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு என்று ஒன்றைத் தொடங்கியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அடிக்கடி வரும். தோற்ற மாற்றம் ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறைதான். பாடக் குறிப்பு ஒரு கல்வியாண்டாவது செல்லும். 2018 மே மாதம் வந்த 60-ஆம் பதிப்பு முதல் கொள்கைக் கோப்பு ஒன்றையும் இடலாம். ஏழு சொல் பட்டி வரிசை எல்லாக் கணிப்பொறிகளிலும் தோன்ற வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். மாணவர் ஒவ்வொருவராக ஆல்ட் விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பட்டிக்கு மட்டும் ஒவ்வொரு மாற்றமும் இரட்டை வேலை. புதிய வரி ஒன்று பட்டியில் சேரும்போதெல்லாம் அதற்குரிய தமிழை யாராவது எழுத வேண்டும். எழுதும்வரை தமிழ் வரிகளுக்கு நடுவே அது ஆங்கிலமாகவே நிற்கும். நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு வரும் இக்காலத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ‘பொன்டூன்’ என்ற மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளத்தில் இப்பணி நடக்கிறது. நிரல் அறிவு வேண்டியதில்லை. நல்ல தமிழும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஆங்கிலமாக நிற்கும் ஒரு வரியைக் கண்டால், அதற்குரிய தமிழ்ச் சொல்லை நீங்களே அங்கு முன்மொழியலாம். குழுவினர் பார்த்து ஏற்றுக்கொண்டால், பின்னர் வரும் ஏதாவதொரு புதுப்பிப்பில் அந்தச் சொல் உங்கள் கணிப்பொறிக்கே வந்து சேரும்.